எலி எதிர் எலி: யார் யாரைப் பிடிக்கிறார்கள்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் அறிவியல் சொற்பட்டியலுக்காக, 'ராட் ஆன்டி மவுஸ் ஆன்டிபாடி' என்பதற்கு வேலந்தாவளத்து நண்பர் பரிந்துரைத்த "எலி எதிர் எலி எதிர்ப்பொருள்" என்ற சொல்லை நேற்றிரவு மூன்று முறை படித்தேன். (எதிர்ப்பொருள் என்பது ஆன்டிபாடி, அயல் பொருளைத் தேடி ஒட்டிக்கொள்ள உடம்பு உண்டாக்கும் புரதம்.) மூன்று முறையும் வேறு வேறு பொருள் வந்தது.

ஆய்வகக் குப்பியில் இருப்பது "ராட் ஆன்டி மவுஸ் சிடி4, குளோன் ஜிகே1.5". ராட்டின் உடம்பில் உருவான எதிர்ப்பொருள் இது. ஜிகே1.5 என்பது, இதைச் சுரக்கும் ஒரே செல்லின் வழிவந்த கூட்டத்துக்கு, அதாவது குளோனுக்கு, வைத்த பெயர். போய் ஒட்டுவதோ மவுஸின் உதவி டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் மேல் இருக்கும் சிடி4 என்ற துணை ஏற்பியில் (ஏற்பி என்றால் ரிசப்டர்). நமக்கு இரண்டுமே எலிதான். இலக்கண வகுப்பில் வரும் 'புலிகொல் யானை' நினைவிருக்கிறதா? கொன்றது புலியா, யானையா என்று அந்தத் தொடரை வைத்துச் சொல்ல முடியாது. இங்கே இரண்டு பக்கமும் யானையே நிற்கிறது!

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்த்த நாட்களில் என் நோட்டில் இரண்டுக்கும் 'எலி' என்றே எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் சுண்டெலி மண்ணீரல் துண்டில் ஜிகே1.5 போட்டேன். அப்புறம் அதன் மேல் ஒட்டி ஒளிர வேண்டிய இரண்டாம் எதிர்ப்பொருளை எடுக்கும்போது, ராட்டுக்கானதை விட்டு மவுஸுக்கானதை எடுத்துவிட்டேன். சுண்டெலியின் பி செல்கள் தங்கள் சொந்த எதிர்ப்பொருளை மேற்பரப்பிலேயே சுமப்பவை. அவை அத்தனையும் தீபாவளி மாதிரி பளபளத்தன. நான் தேடிய டி செல் எது என்றே தெரியவில்லை. இரண்டு நாள் வேலை வீண்.

ஆகவே மவுஸ் சுண்டெலி, ராட் எலி. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மலையாளத்திலும் சுண்டெலி, எலி என்றே சொல்வதால், கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு மலையாள வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் தடுமாற மாட்டார்கள். 'மூஞ்சூறு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளையாருக்குச் சரி, ஆய்வகத்துக்கு ஆகாது. அது கொறிக்கும் இனமே இல்லை. எதிர்ப்பொருள் எடுக்கப் பயன்படும் இன்னொரு கொறிவிலங்கான ஆம்ஸ்டரை ஆம்ஸ்டர் என்றே விடுவோம். 'வெள்ளெலி' என்றால் நம் ஊரில் வரப்பில் வளை தோண்டுவது கண்முன் வந்து நிற்கும்.

அடுத்தது 'எதிர்'. 'சுண்டெலி எதிர்ப்பொருள்' என்ற தொகையைச் சுண்டெலியின் எதிர்ப்பொருள் என்றும் விரிக்கலாம், சுண்டெலிக்கான எதிர்ப்பொருள் என்றும் விரிக்கலாம். தொகையாக விடுவதால்தான் தொல்லை. உருபை வெளிப்படையாக எழுதிவிடுவோம். என் பரிந்துரை: 'சுண்டெலி சிடி4-க்கான எலிப்பிறப்பு எதிர்ப்பொருள்'. எலிப்பிறப்பு என்றால் போன ஜென்மத்துப் பாவம் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், மறக்காது.

நீளம் என்பீர்கள். சுண்டெலி தன் சொந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருளை எளிதில் உண்டாக்காது, அதனால்தான் எலியிடம் போகிறோம். அப்படியிருக்க 'பிறப்பு' எதற்கு என்று கேட்டிருந்தார் நண்பர். நல்ல கேள்விதான். ஆனால் பிகே136 என்று ஒன்று இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல் மேலுள்ள என்கே1.1 என்ற ஏற்பியைப் பிடிப்பது. அதன் பிறப்பும் சுண்டெலி, இலக்கும் சுண்டெலி! சி57பிஎல்/6 என்ற கறுப்புச் சுண்டெலி வகையில் என்கே1.1 உண்டு, பால்ப்/சி என்ற வெள்ளை வகையில் அதைப் பிகே136 கண்டுகொள்ளாது. ஒரு வகைக்கு அது அயல் பொருள் என்பதால்தான் சுண்டெலியிலேயே அந்த எதிர்ப்பொருளை எடுக்க முடிந்தது. பிறப்பை எழுதாமல் விட்டால் இதை மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்? இரண்டாம் எதிர்ப்பொருளை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பீர்கள்?

'ஏற்பி' அப்படியே இருக்கட்டும். இலங்கை நண்பர்களின் 'வாங்கி'யும் நல்ல சொல்தான். ஆனால் நம் பாடநூல்களில் ஏற்பி ஊன்றிவிட்டது. எதிர்ப்பொருளுக்கு அவர்கள் சொல்லும் 'பிறபொருளெதிரி'க்கும் இதையே சொல்வேன், அழகான சொல் என்று ஒரு பெருமூச்சோடு.

இரண்டாம் எதிர்ப்பொருளுக்கும் இதே அச்சு: 'எலி எதிர்ப்பொருளுக்கான ஆட்டுப்பிறப்பு எதிர்ப்பொருள்'. ஆடு என்றால் வெள்ளாடா செம்மறியா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: இரண்டிலும் தயாரிக்கிறார்கள். நான் சொன்னது வெள்ளாடு, எனவே 'வெள்ளாட்டுப்பிறப்பு' என்று திருத்திப் படியுங்கள்.

'குளோன்' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து