மீஹால் மக்லியாமோர்: பிறந்த ஊரைப் பற்றிப் பொய் சொன்னவரை ஐரிஷ் மொழி எழுத்தாளர் என்று ஏற்பதா?

தெருவிளக்கு

ஐரிஷ் மொழி நாடகம் என்று பேச்செடுத்தாலே மீஹால் மக்லியாமோரின் பெயரை முதலில் வைக்கிறோம். நடிகர், நாடகாசிரியர், இயக்குநர், மேடை ஓவியர் என்று அவருக்குப் பல முகங்கள். அவர் கார்க் நகரில் பிறந்த ஐரிஷ்காரர் என்றுதான் அயர்லாந்து முழுவதும் நம்பியது. உண்மையில் அவர் 1899 அக்டோபர் 25 அன்று லண்டனின் கென்சல் கிரீன் பகுதியில் பிறந்த ஆங்கிலேயர். இயற்பெயர் ஆல்ஃபிரட் வில்மோர். அயர்லாந்தோடு ரத்த உறவு இருந்ததற்குத் தடயமே இல்லை. 1978இல் இறக்கும்வரை இதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1990இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல்தான் விஷயத்தை உடைத்தது.

நல்ல நடிகர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பஞ்சத்திலும் பள்ளிக்கூடப் பிரம்படியிலும் அடிபட்டுச் சிறுத்துப்போன ஒரு மொழியில் எழுத வருகிறவர், படிப்பவரிடம் முதல் வரியிலேயே பொய் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதே என் கருத்து.

செங்காந்தள்

பிறப்பால் வராத மொழியைப் படித்துத் தேர்ந்து எழுதுவது குற்றமா, நண்பரே? பதின்ம வயதில், லண்டனில் இருந்த கேலிக் லீக் கிளையில் சேர்ந்து அவர் ஐரிஷ் கற்றார். அந்த அமைப்பு 1893இல் தொடங்கப்பட்டதே, மொழியைக் கைவிட்டவர்களுக்கும் மொழி கிடைக்காதவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கத்தான்.

அதைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையான டக்ளஸ் ஹைட் ஒரு பாதிரியாரின் மகன். அவர் வீட்டு மொழி ஆங்கிலம். ராஸ்காமனில் அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் பேசக் கேட்டுத்தான் ஐரிஷ் கற்றார். 1901இல் டப்ளினில் ஹைட் எழுதிய 'கயிறு திரித்தல்' என்ற ஐரிஷ் நாடகம் அரங்கேறியபோது நாயகன் வேடம் கட்டியவரும் அவரே. பிறகு நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும் ஆனார். 1916 விடுதலைக் கிளர்ச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸின் தந்தை இங்கிலாந்திலிருந்து வந்த கல்தச்சர். பியர்ஸ் ஐரிஷில் கதைகள் எழுதியதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மக்லியாமோருக்கு மட்டும் ஏன் இந்த விசாரணை?

தெருவிளக்கு

நீங்கள் காட்டிய சான்றுகள் என் பக்கம்தான் பேசுகின்றன. ஹைட் தன் வீட்டு மொழியை மறைக்கவில்லை. பியர்ஸ் தன் தந்தையை மறைக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்படப் பொய் தேவையில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

அவ்வளவு தூரம் போவானேன்? மக்லியாமோரின் துணைவரான ஹில்டன் எட்வர்ட்ஸைப் பாருங்கள். அவரும் லண்டனில் பிறந்தவர். அதை எங்கும் ஒளிக்கவில்லை. 1928இல் இருவரும் சேர்ந்துதான் டப்ளினில் கேட் தியேட்டரைத் தொடங்கினார்கள். 1973இல் டப்ளின் நகரம் தன் உயரிய கௌரவத்தை இருவருக்குமே கொடுத்தது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அயர்லாந்தின் மேற்கே கானமாராக் கரையில், ஐரிஷ் பேசும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் எழுத்தாளர் மார்டீன் ஓ கைன். அரசியல் காரணமாக ஆசிரியர் வேலையை இழந்தார், போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடுப்புமுகாமில் அடைபட்டார், 1949இல் அந்த மொழியின் தலைசிறந்த நாவலைத் தந்தார். அந்த மண்ணில் பிறந்ததற்கு அவர் விலை கொடுத்தவர். விலை எதுவும் கொடுக்காமல் பிறப்பை மட்டும் எடுத்துக்கொண்டவர் மக்லியாமோர். இதை என்னால் லேசாக விட முடியவில்லை.

மாலைநேர வாசகி

இருவருமே அந்தப் பெயரைக் கவனிக்கவில்லை. 'மக்' என்றால் மகன். 'லியாம்' என்பது வில்லியம் என்ற பெயரின் ஐரிஷ் வடிவம். 'மோர்' என்றால் பெரிய. இப்போது வில்மோர் என்ற பெயரை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். வில் லியாம் ஆகியிருக்கிறது, மோர் அப்படியே நிற்கிறது. ஐரிஷ் தெரிந்தவர்கள் சற்று நின்று யோசித்திருந்தால் போதும், திறவுகோல் கதவிலேயே தொங்கியிருக்கிறது. அடியோடு மறைக்க நினைப்பவர் இப்படிப் பெயர் வைத்துக்கொள்வாரா?

செங்காந்தள்

மிக்க நன்றி, தோழி. இது எனக்குத் தோன்றவே இல்லை.

கரையோரம்

இவ்வளவு பேசுகிறோம், அவர் ஐரிஷில் எழுதியதுதான் என்ன? 1960இல் ஆஸ்கார் வைல்டைப் பற்றித் தனி ஆளாக நடித்து உலகம் சுற்றினாரே, அது ஆங்கிலம். ஆர்சன் வெல்ஸின் ஒத்தெல்லோ படத்தில் இயாகோவாக நடித்ததும் ஆங்கிலம். புகழ் முழுவதும் ஒரு மொழியில், பட்டம் மட்டும் இன்னொரு மொழியில் என்றால் எப்படி?

செங்காந்தள்

நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1928 ஆகஸ்ட் 27. கால்வே நகரின் மிடில் தெருவில் தைவ்யர்க் என்ற ஐரிஷ் மொழி அரங்கம் திறக்கப்படுகிறது. முதல் நாடகம் அவர் எழுதிய 'டீர்மிட் அகஸ் கிரான்யா'. கிழவனான ஃபின்னுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் இளைஞனோடு ஓடிப்போகும் பழங்கதை. எழுதியவர், இயக்கியவர், மேடையை வடிவமைத்தவர், டீர்மிட்டாக நடித்தவர் எல்லாம் ஒரே ஆள். அப்போது அவருக்கு 28 வயது. ஐரிஷ் மேடைக்கு அதுவரை பழக்கப்பட்டிருந்தது பெரும்பாலும் குடியானவர் வீட்டு அடுப்படியும் சிறு நகைச்சுவையும்தான். அங்கே ஒரு காவியக் காதலை வண்ணத்தோடும் ஒளியோடும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த அரங்கம் இன்றும் இயங்குகிறது. ஷிவான் மெக்கென்னா என்ற மாபெரும் நடிகை நடிக்கத் தொடங்கியதும் அங்கேதான்.

அது தவிர 1929இல் சிறுகதைத் தொகுப்பு, 1952இல் கட்டுரைகள், 1964இல் கவிதைகள். எனக்கு முக்கியமானது 1956இல் வந்த 'அஷ்டோரி ஃபீ கா ஹொலஸ்', அதாவது 'இரு வெளிச்சங்களின் கீழ் நடிகர்கள்'. நாட்குறிப்பிலிருந்து எடுத்த துணுக்குகள் என்று நூலின் துணைத்தலைப்பே சொல்கிறது. லண்டனில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, 1911இலேயே, பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கில நாடகாசிரியரான நோயல் கவர்டோடு சிறுவனாக ஆங்கில மேடையில் நின்றவர், தன் அன்றாடத்தை ஐரிஷில் எழுதி வைக்கிறார். வேடம் போடுகிறவன் சபைக்காகப் போடுவான். அறைக்குள் தனியாக இருக்கும்போது எதற்குப் போட வேண்டும்?

தெருவிளக்கு

அச்சுக்குப் போன நாட்குறிப்பும் சபைதான். அந்த வாதத்தை ஏற்க மாட்டேன். ஆனால் கால்வே பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை.

மாலைநேர வாசகி

ஒன்று கேட்கிறேன், தெருவிளக்கு. அயர்லாந்தில் 1993 வரை ஆணும் ஆணும் உறவு கொள்வது சட்டப்படி குற்றம். மக்லியாமோரும் எட்வர்ட்ஸும் ஊரறிய டப்ளினில் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1978இல் மக்லியாமோர் இறந்தபோது குடியரசுத் தலைவரே வந்து எட்வர்ட்ஸிடம் துக்கம் கேட்டார். சிறைக்கு அனுப்பக்கூடிய ஒன்றை மூடி வைக்காதவர், யாரும் தண்டிக்காத பிறந்த ஊரை மறைத்திருக்கிறார். பயத்தால் செய்தார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்த மொழிக்குள் விருந்தாளியாக அல்ல, வீட்டுப் பிள்ளையாக இருக்க ஆசைப்பட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தெருவிளக்கு

இதைப் படித்துவிட்டு நேற்று இரவு நெடுநேரம் பதில் எழுதாமல் இருந்தேன். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. புரிவதாலேயே கோபமும் கூடுகிறது. அந்த ஆசை உண்மையானது என்றால் அதையே எழுதியிருக்கலாமே! லண்டன் பையன் ஒருவன் ஏதோ ஒரு மாலையில் அந்நிய மொழியின் ஒலியைக் கேட்டு, தன் பெயரையே அதில் திருப்பி எழுதிக்கொண்ட கதையை ஐரிஷில் எழுதியிருந்தால், அவருடைய புத்தகங்களிலேயே அதுதான் பெரிய புத்தகமாக இருந்திருக்கும். கார்க் நகரக் கற்பனையை எழுதி அதை இழந்துவிட்டார். நமக்கும் இல்லாமல் செய்துவிட்டார்.

பெயரைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்கிறேன். இனி அதைப் பொய்ப் பெயர் என்று எழுத மாட்டேன், மொழிபெயர்த்த பெயர் என்றே எழுதுவேன். நாடகாசிரியர் என்ற இடத்தையும் கொடுக்கிறேன். தன்வரலாற்றாசிரியராக அவரை நம்ப மாட்டேன்.

செங்காந்தள்

நாடகாசிரியர் என்ற இடம் எனக்குப் போதும். நாட்குறிப்பு நூலின் ஆங்கில வடிவத்தையும் அவர் 1961இல் வெளியிட்டார். அதைப் படியுங்கள், பிறகு பேசுவோம்.

கரையோரம்

நானும் படிக்கிறேன். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.