கை தேர்ந்ததும் நெல்லூருக்குப் போய்விடுகிறார்கள், லேப் ஆட்களை எப்படி நிறுத்திவைப்பது?

உச்சிப்புளி லேப்:

வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் சின்னதாக ஒரு லேப் நடத்துகிறேன். இறால் பண்ணைகளுக்கு வெள்ளைப்புள்ளி, ஈ.எச்.பி. (இறாலை வளரவிடாத ஒரு நுண்ணுயிர்) நோய்களுக்கான பிசிஆர் சோதனை (கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிப்பது), குளத்துத் தண்ணீர்ச் சோதனை, இதுபோகக் குஞ்சு பொரிப்பகங்களுக்கு நுண்பாசி வளர்த்துக் கொடுப்பது. வேலைக்குக் குறைவில்லை. ஆள்தான் நிற்பதில்லை.

எம்.எஸ்சி. முடித்து வருகிறவர்களில் பலர் பிசிஆர் மெஷினைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. துளிக்கும் குறைவாகத் திரவத்தை அளந்து எடுக்கிற மைக்ரோபிப்பெட்டை அழுத்தினால் முதலில் ஒரு தடை, இன்னும் அழுத்தினால் இரண்டாவது தடை. உறிஞ்சும்போது முதல் தடையோடு நிறுத்த வேண்டும், விடும்போதுதான் இரண்டாவது வரை போகலாம். இதையே கட்டைவிரலைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அது போகட்டும், கற்றுக்கொள்வார்கள். சாம்பிளே போடாத, எதுவுமே வரக்கூடாத கன்ட்ரோல் குழாயிலும் நோய் இருப்பதுபோலப் பட்டை விழுந்தால், பதறாமல் எந்த மேசையில், எந்தக் கரைசலில் கலந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கிற நிதானம் வர ஒரு வருஷம் ஆகிவிடும். அது வந்த கையோடு ஆந்திராவில் நெல்லூர், பீமவரம் என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் தருவது ₹17,000. அங்கே ₹25,000-க்கு மேல், சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து.

என் கூட்டாளி, "இரண்டு வருஷத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கு, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வை" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மரக்காணம் ஹாட்சரி:

சர்டிபிகேட்டைப் பிடித்துவைக்கிற வேலை வேண்டாம் சார். பேர் கெட்டுவிடும், அப்புறம் விண்ணப்பமே வராது. ஆந்திராச் சம்பளத்தோடு போட்டியும் வேண்டாம். இறால் விலை விழுந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது லேப் பையன்களைத்தான். அப்படித் திரும்பி வருகிறவனை முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இப்போது மைக்ரோபயாலஜி பார்க்கிறவர் போய்விட்டு வந்தவர்தான்.

முகாம்காரர்:

தம்பி, நான் மண்டபத்தில் பாசி அறையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆள் நிற்கவில்லை என்பதைவிட, எந்த ஆளைத் தேடுகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

2010-ல் மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில், கடல் விறாலை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். ஊரெல்லாம் மீனைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் குஞ்சு மூன்றாம் நாள் வாயைத் திறக்கும்போது தின்ன ரோட்டிஃபர் என்கிற நுண்ணிய உயிரி இருக்க வேண்டும், ரோட்டிஃபர் தின்னப் பாசி இருக்க வேண்டும். அன்றைக்குப் பாசித் தொட்டி வெளுத்துக் கிடந்தால் எத்தனை டாக்டர் பட்டம் பக்கத்தில் நின்றும் பிரயோசனமில்லை.

பாசி பார்க்கிறவர் காலையில் கதவைத் திறந்ததும் குடுவையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். ஐசோகிரைசிஸ் என்கிற பாசி என்றால் தேன் நிறம் இருக்க வேண்டும். மெல்லச் சுழற்றினால் அடியில் கிடப்பது சீராக எழும்பிக் கலந்தால் சரி. திரிதிரியாக எழும்பினாலோ, கண்ணாடியை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டாலோ அந்தக் குடுவையிலிருந்து அடுத்ததற்கு மாற்றக் கூடாது. ரோட்டிஃபர் தொட்டியில் வைத்த கையோடு பாசி அறைக்குள் யாராவது வந்துவிட்டால், சீக்கிரமே பச்சைத் தண்ணீர் வெறும் தண்ணீர் ஆகிவிடும். இது தினம் பார்க்கிற கண்ணுக்குத்தான் பிடிபடும்.

எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில், பெயர் எதற்கு, பழைய டெக்னீஷியன் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பவில்லை. ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிகமாக வந்த பிள்ளைகளிடம் பாசியை ஒப்படைத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் ₹37,000 என்று உயர்ந்தாலும், அது ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கத் தருகிற பணம். அவர்கள் கண் ஆய்வேட்டில் இருக்கும், திட்டம் முடிந்தால் போவார்கள், அதில் குற்றமில்லை. ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் ஸ்டாக் கல்ச்சர், அதாவது விதைக்கு வைத்திருக்கிற மூலப்பாசி, செத்துப்போய், வெளியூரிலிருந்து மறுபடி வாங்கி வந்தார்கள்.

அதனால் மதுரை, சென்னை என்று விளம்பரம் கொடுக்காதீர்கள். வேதாளை, மரைக்காயர்பட்டினம், பெரியபட்டினம் பக்கம் பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணம் ஆகி வீட்டோடு இருக்கிற பெண்கள் நிறைய. பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். அவர்கள் அம்மாமார் கடல்பாசியில் மரிக்கொழுந்து எது, கட்டக்கோரை எது என்று தண்ணீருக்குள் கையால் தடவியே சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நுண்பாசி பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்? நெல்லூருக்கும் போகமாட்டாள்.

தொண்டிப் பிள்ளை:

ஐயா சொன்னதில் கடைசி வரி இடிக்கிறது. "இவள் எங்கேயும் போகமாட்டாள்" என்று தெரிந்தால் சம்பளத்தை அப்படியே உறைய வைத்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

நான் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் படித்தவள். பிறகு ஒரு தனியார் லேபில் வேலை. அதை விட்டது சம்பளத்துக்காக இல்லை. குளத்தில் இறால் மிதந்தால் சாம்பிள் ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு வரும், உடனே போடு என்பார்கள். டி.என்.ஏ. பிரித்து, பிசிஆர் ஓட்டி, ஜெல் பார்த்து முடிக்க நள்ளிரவு. அதற்கு மேல் எனக்கு ஏது பஸ்? பக்கத்தில் வீடு எடுக்கலாம் என்றால் ராமேஸ்வரம் வருகிற கூட்டத்துக்காகப் பாதி வீடு லாட்ஜாகிவிட்டது. மத்திய அரசு லேப்களிலும் இதே கதைதான். வாடகைப்படி சென்னைக்கு 30 சதவீதம், நம் மாதிரி ஊருக்கு 10.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் கையெழுத்து எப்போதும் வேறொருவருடையது. சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று வாங்கும் லேப் என்றால், யார் சோதனை செய்யலாம், யார் முடிவை வெளியிடலாம் என்று பெயர் சொல்லி அதிகாரம் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தால் அதற்காகவே இன்னும் இரண்டு வருஷம் இருந்திருப்பேன். ஆமாம், அது வேறு இடத்துக்குப் போகவும் உதவும். அந்தப் பயத்தில்தான் யாரும் தருவதில்லை.

உச்சிப்புளி லேப்:

எல்லோருக்கும் நன்றி. பத்திரப் பேச்சை விட்டுவிடுகிறேன். சாம்பிளை இனி மாலை நாலு மணி வரைதான் வாங்குவேன். அதற்கு மேல் வருவதை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் காலை வரை கெடாது. பண்ணைக்காரர்கள் நாலு நாள் திட்டுவார்கள், திட்டட்டும். தரச்சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது பெயர்ப் பட்டியல் விஷயத்தையும் செய்துவிடலாம். சம்பளத்தை ₹20,000 ஆக்க முடியும், உள்ளூர் வெளியூர் வித்தியாசம் இல்லாமல். அதற்கு மேல் இப்போதைக்குத் தாங்காது.

முகாம்காரர் ஐயா, வாரத்தில் ஒருநாள் பாசி அறைக்கு வந்து புதுப் பிள்ளைகளுக்குக் காட்டித்தர முடியுமா? வண்டி அனுப்புகிறேன்.

முகாம்காரர்:

வருகிறேன். தொண்டிப் பிள்ளை சொன்னது நியாயம்தான், சம்பள உயர்வை வேலைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏசியின் வெளி யூனிட் கடல் பார்த்த சுவரில் இருந்தால் நான் வருவதற்குள் மறுபக்கம் மாற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் அது உளுத்து அறை சூடேறினால், யாரை வேலைக்கு வைத்தும் பாசி நிற்காது.