டொராண்டோவில் பூண்டு நடுவது எப்போது?

கேள்வி: தக்காளிச் செடிகளைப் பிடுங்கிய பாத்தி இப்போது வெறுமையாக இருக்கிறது. பூண்டை அக்டோபரிலேயே நட வேண்டும் என்கிறார்களே, மண் உறையும் குளிரில் அது அழுகிவிடாதா?

மறுமொழி: அக்டோபர் நடுப்பகுதியே உகந்தது. பூண்டு பல வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் அது பற்களாகப் பிரியும். வசந்தத்தில் நட்டால் பெரும்பாலும் பிரியாத ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடக்கூடும். கூர்முனை மேலே இருக்கும்படி 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள்.

மற்றொரு மறுமொழி: அழுகலுக்குப் பெரிதும் காரணம் தேங்கும் நீர்தான், பாத்தியைச் சற்று உயர்த்துங்கள். மண் உறைந்தும் இளகியும் மாறும்போது பற்களை மேலே தள்ளிவிடும் என்பதால், வைக்கோலைத் தாராளமாகப் பரப்புவது மிக அவசியம்.

கேட்டவர்: மிக்க நன்றி. அறுவடை எப்போது?

மறுமொழி: ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை ஒடித்துவிட்டால் பூண்டு நன்றாகப் பருக்கும், ஒடித்த தண்டு பொரியலுக்கு அருமையானது. ஜூலையில் கீழ் இலைகள் காய்ந்ததும் தோண்டலாம்.