[கலைச்சொல்] லிமிட், லிமிடேஷன்: இரண்டுக்கும் ஒரே ‘வரம்பு’ சரிப்படவில்லை

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் குழுவுக்குத் தமிழில் எழுதி அனுப்பிய சூப்பர்ஹீரோ ஆட்ட விதிச்சுருக்கத்தில் ‘வரம்பு’ என்ற சொல்லை நான் இரண்டு பொருளில் போட்டிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை அக்கா பிள்ளைகளிடம் கொடுத்து ஆடிப் பார்த்தபோது மாட்டிக்கொண்டேன். சின்னவன் மின்னல் பாய்ச்சும் கோல் ஒன்றை எழுதிவிட்டு, ‘வரம்பு: −1’ என்ற வரியில் விரலை வைத்தான். “மாமா, மைனஸ் ஒண்ணுன்னா ஒரு பகடைகூட உருட்டக் கூடாதா?”

அவன் கேட்டது நியாயம். ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இது ஆளுக்கொரு நாயகனாகி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லிப் பகடை உருட்டும் ஆட்டம். 1981இல் வெளிவந்த சாம்பியன்ஸ், பின்னால் ஹீரோ சிஸ்டம் என்று வளர்ந்தது. அதில் நாயகனின் வல்லமைகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். தாக்கும் கதிர் என்றால் ஓர் அறுமுகப் பகடைக்கு 5 புள்ளி. எட்டுப் பகடை வேண்டுமென்றால் 40. கவசத்தைத் துளைக்க வேண்டும் என்றால் 4ஆம், 5ஆம் பதிப்புகளின்படி +½ கூடுதல், அதாவது 40ஐ 1½ ஆல் பெருக்கி 60. இதைத்தான் ஆக்டிவ் காஸ்ட் என்கிறார்கள்.

இனிமேல்தான் லிமிடேஷன். மின்னல் கையிலிருந்து வராது, கோலிலிருந்துதான் வரும்; கோல் எல்லார் கண்ணுக்கும் தெரியும், எதிரி பிடுங்கியும் விடலாம். இந்த அசௌகரியத்துக்கு −1 மதிப்பு. இங்கே 60இலிருந்து 1ஐக் கழிப்பதில்லை, 60ஐ (1+1) ஆல் வகுக்கிறோம். கைக்காசு 30தான். இது ரியல் காஸ்ட்.

லிமிட் வேறு. ஆட்டம் நடத்துபவர் தொடக்கத்திலேயே ‘எந்த வல்லமையும் 60 புள்ளியைத் தாண்டக் கூடாது’ என்று கோடு கிழிப்பது அது. லிமிடேஷன் ஆடுபவர் விரும்பி ஏற்பது, விலையைக் குறைப்பது. லிமிட் மேலிருந்து வருவது, விலையைத் தொடாது. இரண்டையும் ‘வரம்பு’ என்றால் பையன் குழம்பாமல் என்ன செய்வான்?

லிமிட்டுக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். 1961 நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில்கூட ‘உச்சவரம்பு’ தெரியும். அதையே வைத்துக்கொள்ளலாம்.

லிமிடேஷனுக்கு நான் முன்வைப்பது ‘தளை’.

ஆக்டிவ், ரியல் என்ற இரண்டு விலைகளுக்கும் ‘மொத்த விலை, நிகர விலை’ என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். மொத்த விலை என்றால் கோயம்பேட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. ‘முழுவிலை, நிகரவிலை’ போதும். முழுவிலையைத் தனியாகக் குறித்து வைப்பது ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். உச்சவரம்பைப் பார்ப்பதும், வல்லமையைப் பயன்படுத்தும்போது நாயகனின் தெம்பு (என்டியூரன்ஸ்) எவ்வளவு குறையும் என்று பார்ப்பதும் முழுவிலையை வைத்துத்தான். 10 புள்ளிக்கு 1 தெம்பு. ஆகவே 30 கொடுத்து வாங்கிய கோல் ஒவ்வொரு வீச்சுக்கும் 6 தெம்பைத் தின்னும். பத்திரப்பதிவு மாதிரிதான்: மனையைத் தெரிந்தவரிடம் மலிவாக வாங்கினாலும் முத்திரைத்தாள் கட்டணத்துக்கு வழிகாட்டி மதிப்பைத்தானே பார்க்கிறார்கள்?

பவர் என்பதற்கு ‘வல்லமை’ போட்டது பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் அது ‘திறன்’, இலங்கையில் ‘வலு’. திறனை ஸ்கில்லுக்கு வைத்திருக்கிறோம், வலுவை உடல்பலத்துக்கு. எஞ்சியது வல்லமை. இதில் சண்டை வேண்டாம்.

---

> லிமிடேஷனுக்கு நான் முன்வைப்பது ‘தளை’.

தம்பி, கணக்கு புரிந்தது. தளை வேண்டாம். யாப்பு படித்த எங்களுக்குத் தளை என்றதும் வெண்டளைதான் வரும், அது போகட்டும். உங்கள் மருமகன் அதை எப்படிச் சொல்வான்? ‘தழை’ என்பான். ஆட்டுக்குப் போடுகிற தழை. எழுத்தில் மட்டும் நிற்கிற சொல், மேசையில் ஆடுகிறவர்களுக்கு எதற்கு?

‘விலங்கு’ நல்ல சொல்தான், ஆனால் புலியாக மாறும் நாயகன் வந்தால் தொலைந்தோம். ‘கழிவு’ என்று இன்னோர் அன்பர் தனிமடலில் சொன்னார். புத்தகக் கடையில் அது தள்ளுபடி, நகராட்சியில் அது குப்பை. தவிரவும், கழிப்பதில்லை, வகுக்கிறோம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

‘கடிவாளம்’ என்று வைத்தால் என்ன? குதிரையின் பலம் குறைவதில்லை, ஓடுகிற விதம்தான் கட்டுப்படுகிறது. கோலின் முழுவிலை 60 ஆகவே இருப்பதற்கும் இது பொருந்துகிறதே.

---

ஐயா, தழையில் விழுந்துவிட்டேன். சரி, கடிவாளம்.

ஒரே ஒரு சந்தேகம்: மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற இன்னொரு சூப்பர்ஹீரோ ஆட்டத்துக்கும் இந்தச் சொற்கள் தாங்குமா என்று பார்த்தேன். அங்கே வல்லமையைப் படிப்படியாக வாங்க வேண்டும்; ஃப்ளா (குறை) என்பது ஒரு படியின் விலையைக் குறைக்கிறது. கடிவாளம் என்றே சொல்லலாம். உச்சவரம்புதான் கொஞ்சம் நெருடுகிறது. வல்லமை நிலை (பவர் லெவல்) 10 என்றால் கையில் 150 புள்ளி, ஆனால் குறி தவறாமையும் அடியின் கடுமையும் சேர்ந்து 20ஐத் தாண்டக் கூடாது. குறி 12 என்றால் அடி 8. ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கும், தராசு மாதிரி. இதற்கு ‘இணை உச்சவரம்பு’ என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் படிக்கவில்லை.

நேற்று மாலை மறுபடி ஆடினோம். திருத்திய தாளைப் பார்த்துவிட்டுச் சின்னவன் இரண்டாவதாக ஒரு வல்லமை வாங்கினான். முழுவிலை 60. ‘காற்றில்லாத விண்வெளியில் வேலை செய்யாது’ என்று எழுதி −½ கடிவாளம் கேட்டான். 60ஐ 1½ ஆல் வகுத்து 40 என்று விலையும் போட்டுவிட்டான். கதை முழுக்க ஒரே ஊரில், இரண்டு தெருவுக்குள் நடக்கிறது. தடுக்காத தடைக்குப் புள்ளி கிடையாது என்பது அந்த ஆட்டத்தின் பழைய விதி. அதை நான் எடுத்துச் சொல்லும் முன்பே அவன் அக்கா குறுக்கிட்டாள்: “டேய், உன் குதிரை எந்தக் காலத்துல விண்வெளிக்குப் போகப்போகுது? அது இழுக்காத கடிவாளம்.”

முணுமுணுத்துக்கொண்டே 40ஐ அடித்துவிட்டு 60 என்று எழுதினான்.

பட்டியலில் மாற்றிவிடுகிறேன். என்டியூரன்ஸுக்கு நான் பாட்டுக்குத் ‘தெம்பு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.