சிங்கப்பூர் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்ல பீர் ப்ரூ பண்ண ஆரம்பிக்கணும், முதல்ல என்ன சாமான் வாங்கறது?

கிளமென்டி_பையன்
வணக்கம் மக்களே. வீட்லயே பீர் ப்ரூ பண்ணி பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, இப்பதான் வீட்டம்மா ஒருவழியா தலையாட்டியிருக்காங்க, அதுலயும் 200 வெள்ளிக்கு மேல போகக்கூடாது, கிச்சன் நாறக்கூடாதுன்னு கண்டிஷன் வேற. நாலறை எச்டிபி வீடு, கேஸ் அடுப்பு, ஏசி ராத்திரி பெட்ரூம்ல மட்டும் ஓடும். பாம்ப் ஷெல்டர்ல (வீட்டுக்குள்ளயே இருக்கற கான்கிரீட் ஸ்டோர் ரூம்) கொஞ்சம் இடம் இருக்கு (மிச்சம் எல்லாம் சூட்கேஸ்).

யூடியூப் பாத்து மண்டை காஞ்சிடுச்சு. ஒருத்தன் கண்ணாடி கார்பாய்ங்கறான் (பெரிய ஜாடி), ஒருத்தன் ஸ்டெயின்லெஸ் ஃபெர்மென்டர் (புளிக்க வைக்கற பாத்திரம்) இல்லன்னா இறங்காதங்கறான், ஆத்தறதுக்கு செம்பு காயில் வேணுமாம், பம்ப் வேணுமாம். கடைல ஒரு ஸ்டார்ட்டர் கிட் பாத்தேன், 23 லிட்டர் பக்கெட், ஏர்லாக் (கேஸ் வெளிய மட்டும் போக விடற அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி பாக்கற மிதவை), மூடி அடிக்கற கேப்பர், கூடவே ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசனையும் குடுக்கற பூ) கலந்த மால்ட் (முளைகட்டின பார்லி சாறு) டின் ஒண்ணு. அத வாங்கிட்டா போதுமா, இல்ல தனித்தனியா வாங்கறது நல்லதா? அப்புறம் இதெல்லாம் இங்க சட்டப்படி ஓகே தானே, கஸ்டம்ஸ்காரன் வந்து கதவ தட்ட மாட்டானே?

நுரைதள்ளி
சட்டம் பத்தி பயமே வேணாம் ப்ரோ. 18 வயசு ஆகியிருக்கணும், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் தாண்டக்கூடாது, சொந்த உபயோகத்துக்கு மட்டும், ஒரு பாட்டில் கூட விக்கக்கூடாது, டிஸ்டில் பண்றது (சாராயம் வடிக்கறது) மட்டும் கனவுல கூட வேணாம். இவ்ளோதான், லைசென்ஸ் எதுவும் எடுக்க வேண்டியதில்ல. 23 லிட்டர் டின் கிட்னா மாசத்துக்கு ஒரு தடவதான் போட முடியும்னு கணக்கு வச்சுக்கங்க.

நீங்க பாத்த கிட் மோசமில்ல. அந்த டின் 1.7 கிலோ சிரப், கொதிக்க வைக்கவே தேவையில்ல, சுடுதண்ணில கரைச்சு ஒரு கிலோ சீனியோ மால்ட் பவுடரோ போட்டு பச்சத்தண்ணி ஊத்தி 23 லிட்டராக்கி யீஸ்ட் தூவிட்டா வேலை முடிஞ்சது. கிச்சன் நாறாது, வீட்டம்மா கண்டிஷன் பாஸ். சீனிக்கு பதிலா மால்ட் பவுடரே போடுங்க, சீனி நிறைய போனா பீர் தண்ணியா மெலிஞ்சு போயிடும்.

ஆனா கிட்ல வராத ஒண்ணு இருக்கு, அது சானிடைசர். ஸ்டார் சான் மாதிரி ஆசிட் வகை வாங்குங்க, லிட்டருக்கு ஒண்ணரை மில்லி, கழுவ வேண்டாம், நுரை ஒட்டிட்டு இருந்தாலும் பரவாயில்ல அப்படியே ஊத்தலாம். ஆனா அது அழுக்க எடுக்காது, அழுக்கு எடுக்க பெர்கார்பனேட் பவுடர் தனி. ரெண்டும் ரெண்டு வேலை, புதுசா வர்றவங்க ஒண்ணு வாங்கிட்டு இன்னொண்ண விட்டுடறாங்க.

சாங்கி_ஸ்லோமோ
எல்லாரும் பக்கெட்ட பத்தியே பேசறீங்க, சூட்ட பத்தி ஒருத்தரும் வாய தொறக்கல. அந்த யூடியூப்காரன் வீட்டு பேஸ்மென்ட் 18 டிகிரி, நம்ம பாம்ப் ஷெல்டர் 30. போதாததுக்கு யீஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூடு கிளப்பும், பக்கெட்டுக்குள்ள ரூம விட ரெண்டு மூணு டிகிரி கூடத்தான் இருக்கும். சாதாரண ஏல் (20 டிகிரி பக்கம் புளிக்கற பீர் வகை) யீஸ்ட அந்த சூட்ல விட்டா நெயில் பாலிஷ் வாசனை, தலவலி, "வீட்டு பீர்னா இப்படித்தான் இருக்கும்போல"ன்னு ஒரே பேட்ச்சோட ஆசையே போயிடும். பாதி பேர் விட்டுட்டு போறது இதனாலதான்.

அதனால என் ஓட்டு ஃபிரிட்ஜுக்கு. கரோசல்ல (பழைய சாமான் விக்கற ஆப்) பழைய ஃபிரிட்ஜ் தேடுங்க, வீடு மாறறவங்க சும்மாவே தள்ளி விடுவாங்க, தூக்கிட்டு வர்ற செலவுதான். வாங்கறதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டு போய் பக்கெட் ஏர்லாக்கோட சேத்து உள்ள நிக்குதான்னு அளந்துடுங்க, கீழ கம்ப்ரசர் மேடு இருக்கும் அத மறந்துடாதீங்க. அப்புறம் ப்ளக்குல மாட்டற டெம்பரேச்சர் கன்ட்ரோலர், அதோட சென்சார பக்கெட் பக்கவாட்டுல டேப் போட்டு ஒட்டி மேல கொஞ்சம் ஸ்பாஞ்ச் வச்சு மூடிடுங்க, சும்மா காத்துல தொங்க விட்டா ஃபிரிட்ஜ் சும்மா சும்மா ஆன் ஆஃப் ஆகும். 18-19ல செட் பண்ணிட்டு மறந்துடுங்க.

ஈரத்துண்டு சுத்தி ஃபேன் போடுன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, இந்த ஈரப்பதத்துல தண்ணி ஆவியானாதானே குளிரும்.

யீஸ்ட்டக்கா
சாங்கி தம்பி சொல்றது நெசம், ஆனா மொத பேட்ச்சுக்கே ரெண்டாவது ஃபிரிட்ஜ் வாங்கிட்டு வந்தா இவர் வீட்ல ப்ரூவிங் அன்னிக்கே முடிஞ்சுது, ஹாஹா. அவங்க சொன்னது 200 வெள்ளி, ஃபிரிட்ஜ வைக்க எங்க இடம்?

நான் வேற வழி சொல்றேன். சூட்டோட சண்ட போடறத விட்டுட்டு சூட்ட விரும்பற யீஸ்ட்ட வாங்குங்க. க்வைக்னு நார்வே மேற்குப் பக்கத்து விவசாயிங்க தலைமுறை தலைமுறையா வீட்ல காயவச்சு பத்திரப்படுத்தின யீஸ்ட், அதுல வாஸ்னு ஒரு வகை இப்ப உலர்ந்த பாக்கெட்லயே கிடைக்குது, 35-லேர்ந்து 40 டிகிரிலதான் அது குஷியா இருக்கும், நம்ம பாம்ப் ஷெல்டர் அதுக்கு கொஞ்சம் குளிர்னே சொல்லலாம். மூணு நாலு நாள்ல பொங்கி முடிச்சிடும். லேசா ஆரஞ்சு வாசனை வரும், பேல் ஏலுக்கு அது நல்லாவே சேரும். லாகர்தான் (குளிர்ல புளிக்கற பீர் வகை) வேணும்னா சாங்கி தம்பி சொல்ற ஃபிரிட்ஜ்தான், அதுல மாத்துக் கருத்தில்ல.

இன்னொரு லாபம் இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. கொதிச்ச வோர்ட்ட (யீஸ்ட் போடறதுக்கு முன்னாடி இருக்கற மால்ட் தண்ணி) 20 டிகிரிக்கு ஆத்தறதுதான் இந்த ஊர்ல பெரிய கொடுமை, நம்ம பைப்ல வர்ற தண்ணியே 28, 29 இருக்கும், செம்பு காயில் போட்டு எவ்ளோ தண்ணி ஓட விட்டாலும் அதுக்கு கீழ இறங்காது. க்வைக்னா 35 வந்தாலே யீஸ்ட் போட்டுடலாம், பானைய சிங்க்ல ஐஸ் தண்ணில உக்கார வச்சா போதும், காயில் காசு மிச்சம்.

23 லிட்டர்ல ஆரம்பிக்காதீங்க, 10 லிட்டர் போதும். தேக்கால (லிட்டில் இந்தியா பக்கம்) 16-20 லிட்டர் எவர்சில்வர் பானை ஒண்ணு வாங்குங்க, பின்னாடி பிரியாணிக்கும் ஆகும், அதனால வீட்ல கேள்வி வராது. ரெசிப்பி ஈசிதான்: உலர்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (அதே மால்ட் பவுடர்தான்) 1.2 கிலோ, காஸ்கேட்ங்கற வகை ஹாப்ஸ் 20 கிராம், ஒரு மணி நேரம் கொதி, கடைசி அஞ்சு நிமிஷத்துல இன்னும் கொஞ்சம் ஹாப்ஸ், கூடவே ஒரு சிட்டிகை யீஸ்ட் நியூட்ரியன்ட் (க்வைக் கொஞ்சம் பசிக்காரன், லைட் பீர்ல சாப்பாடு பத்தாது). கொதிக்கும்போது மால்ட் வாசனை வீடு பூரா வரும், ஜன்னல தொறந்து வச்சுக்கங்க. பிடிச்சிருந்தா அப்புறம் பானைக்குள்ள பெரிய துணிப்பை மாட்டி தானியத்துலேர்ந்தே பண்ணலாம், 66 டிகிரில ஒரு மணி நேரம் ஊற வச்சு பைய தூக்கிடறது, அதுக்கும் அதே பானைதான்.

தண்ணி பத்தி ஒண்ணு. இங்க பைப் தண்ணில குளோரமின் (கிருமி கொல்ல கலக்கற குளோரின் வகை) இருக்கு, அது கொதிக்க வச்சா லேசுல போகாது, பீர்ல ஆஸ்பத்திரி வாசனைய கொண்டு வந்துடும். கேம்ப்டன் மாத்திரை (குளோரமின முறிக்கற சல்ஃபைட் மாத்திரை) கால்வாசி உடைச்சு 10 லிட்டர்ல கலக்கிடுங்க, சில நிமிஷத்துல சரியாயிடும்.

கடைசிபஸ்
நான் சென்னை, இதே மாதிரி இங்க வீட்ல போடலாமா?

நுரைதள்ளி
வேணாம் நண்பா, தமிழ்நாட்ல லைசென்ஸ் இல்லாம போட்டா மதுவிலக்கு சட்டத்துல கேஸ் ஆயிடும். சிங்கப்பூர் வாங்க, சேந்து போடுவோம்.

கிளமென்டி_பையன்
அக்கா சூப்பர், 10 லிட்டர் பானை ப்ளான் வீட்லயும் ஓகே ஆயிடுச்சு, பிரியாணின்னதும் உடனே ஓகே 😄 இன்னும் சில டவுட்டு. ஹைட்ரோமீட்டர் நெசமாவே வேணுமா, ஏர்லாக்ல பபுள் நின்னா முடிஞ்சுதுன்னு எடுத்துக்கலாமா? ஒருத்தர் கண்ணாடி கார்பாய் சீப்பா தர்றேங்கறார், வாங்கவா? காலி பீர் பாட்டில் நிறைய சேத்து வச்சிருக்கேன், பச்ச பாட்டிலும் இருக்கு, கையால திருகி தொறக்கறதும் இருக்கு.

சாங்கி_ஸ்லோமோ
கார்பாய் வேண்டவே வேண்டாம். ஈரக்கையோட 20 கிலோ கண்ணாடிய தூக்கிட்டு டைல்ஸ் தரைல நடக்கறத யோசிச்சு பாருங்க. குழாய் வச்ச ஃபுட் கிரேட் பிளாஸ்டிக் பக்கெட் போதும், 15 லிட்டர்னு வாங்குங்க, க்வைக் பொங்கும், மேல காலி இடம் வேணும். பாம்ப் ஷெல்டர் கதவ மட்டும் இறுக்கி மூடிடாதீங்க, கார்பன் டை ஆக்சைடு வரும், சின்ன ரூம்.

யீஸ்ட்டக்கா
ஹைட்ரோமீட்டர் கட்டாயம் தம்பி. பபுள் எதையும் சொல்லாது, மூடி லேசா லீக்கானாலே நின்னுடும், வெயில் ஏறினா முடிஞ்சப்புறமும் வரும். யீஸ்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங், 1.045 மாதிரி வரும் (தண்ணி 1.000, சீனி கரைஞ்சிருந்தா கூடும், யீஸ்ட் தின்னா குறையும்), கடைசில ரெண்டு மூணு நாள் தொடர்ந்து ஒரே நம்பர் நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். 1.010ல நின்னுதுன்னா வித்தியாசத்த 131ஆல பெருக்கினா ஆல்கஹால் நாலரை சதவீதம் சொச்சம். மீட்டர் 20 டிகிரிக்கு அளவு வச்சது, நம்ம சூட்ல கொஞ்சம் குறைச்சு காட்டும், பெருசா கவலப்பட வேணாம். முடியறதுக்கு முன்னாடி பாட்டில்ல அடைச்சா வெடிக்கும், இது விளையாட்டில்ல.

பாட்டில்ல திருகற வகைய தூக்கி போட்டுடுங்க, அந்த கழுத்துல சாதா கேப்பர் மூடி சரியா உக்காராது, கேஸ் போயிடும். பச்சைய இருட்டுல வச்சா ஓகே, வெளிச்சம் பட்டா ஹாப்ஸ் கெட்டு நாறும், ப்ரவுன்தான் சேஃப். ஸ்பிரிங் மூடி போட்ட பாட்டில் எங்கயாவது கிடைச்சா விடாதீங்க, கேப்பரே வேண்டியதில்ல. அடைக்கும்போது லிட்டருக்கு 6-7 கிராம் சீனி, மொத்தத்தையும் கொஞ்சம் தண்ணில கொதிக்க வச்சு பக்கெட்ல கலந்துட்டு அடைங்க, பாட்டில் பாட்டிலா ஸ்பூன்ல போட்டா ஒண்ணு சப்புன்னு இருக்கும் இன்னொண்ணு கூரைக்கு பறக்கும். ஒண்ணு ரெண்ட மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டில்ல அடைச்சு வைங்க, அமுக்கி பாத்தா கல்லு மாதிரி இருந்தா மத்ததும் ரெடி, எல்லாத்தையும் ஃபிரிட்ஜுக்கு மாத்திடலாம்.