மனிதவளத் துறைக்குத் தயாராவது: முன்பு கேட்ட கேள்விக்கு ஒரு புதுப்பிப்பு

மனிதவளத் துறையில் நுழையச் சான்றிதழ் முதலா, பயிற்சிப் பணி முதலா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்தே தொடங்கும்படி பலர் கூறியதை ஏற்று, முன்அனுபவம் கேட்காத, ஏபிஎச்ஆர் (aPHR) என்ற தொடக்கநிலை மனிதவளச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளராக இருக்கிறேன்.

நேர்காணலில் குறிப்பெடுக்க அமர்ந்தது மிகவும் பயன்பட்டது. எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கிறார்கள். குழுவினர் தங்களுக்குள் பேசத் தொடங்குமுன் அவரவர் மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூத்தவர் சொன்ன பக்கமே மற்றவர்களும் சாய்ந்துவிடுவார்கள். சம்பளப் பட்டியல் வேறு வகையான பாடம்: மாத நடுவில் சேர்ந்தவரின் சம்பளத்தை மொத்த நாட்களால் வகுப்பதா, வேலை நாட்களால் வகுப்பதா என்பதைப் பொறுத்துத் தொகையே மாறுகிறது. (மனிதர்களோடு பழகத் தெரிந்தால் போதும் என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.)

சட்டப் பகுதியை இப்போதுதான் தொட்டிருக்கிறேன். பணியிட வன்முறை, துன்புறுத்தல் குறித்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்ற 190-ஆவது உடன்படிக்கை, ஊழியர்களோடு பயிற்சியாளர்களையும் வேலைக்கு விண்ணப்பிப்போரையும் சேர்த்தே பாதுகாக்கிறது. அடுத்து, புகார் விசாரணை நடைமுறையைப் படிக்கவிருக்கிறேன்.