அம்மா காலில் சிவப்புப் புள்ளி

அம்மா: (படம்) என் காலைப் பாருங்க எல்லாரும். முழங்காலுக்குக் கீழ சிவப்பு மை தெளிச்ச மாதிரி இருக்கு. நேத்து ரொம்ப நேரம் நின்னுட்டே இருந்தேன், சாயங்காலம் பாத்தா இப்படி.

அண்ணன்: கொசுக்கடியா இருக்கும்மா.

சித்தி: கொசுக்கடி மாதிரி தெரியலடா. அக்கா, கண்ணாடி டம்ளரை அது மேல வெச்சு அழுத்து. சிவப்பு மறையுதா?

அம்மா: மறையல. தடவினா மணல் மணலா தட்டுப்படுது.

சித்தி: அப்ப தோலுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. மூட்டு வலி, பாத எரிச்சல்?

அம்மா: ரெண்டும் இருக்கு. முடக்குவாதத்துக்குப் பாக்கற ரத்தப் பரிசோதனை, அந்த ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், அதனால முடக்குவாதம்னு மூட்டு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரே.

சித்தி: உனக்கு ஹெபடைடிஸ் சி இருக்குன்னு அவர்கிட்ட சொன்னியா?

அம்மா: அது ஈரல் சமாச்சாரம்தானேன்னு சொல்லல. ஸ்கேன்ல ஈரல் நல்லாத்தான் இருக்குன்னாங்க, மருந்தையும் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

சித்தி: ஐயோ அக்கா! அந்த வைரஸ் ஈரலோட நிக்காது. வருஷக்கணக்கா உள்ள இருந்தா உடம்பு எதிர்ப்புப் புரதத்தை ஓயாம சுரந்துக்கிட்டே இருக்கும். சிலருக்கு அது குளிர்ச்சில படியற வகையா மாறிடும், கிரையோகுளோபுலின்னு பேரு. சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல தங்கிப் புண்ணாக்கும். புள்ளி, மூட்டு வலி, எரிச்சல் மூணும் அதனால வரலாம். முடக்குவாதம் இல்லாமலே ஆர்.ஏ. ஃபேக்டரும் பாசிட்டிவ் காட்டும்.

நான்: எப்படிக் கண்டுபிடிக்கறது சித்தி?

சித்தி: ரத்தப் பரிசோதனைதான். ஆனா எடுத்ததுல இருந்து சீரம், அதாவது ரத்தம் உறைஞ்சதும் மேல தெளியற நீர், அதைப் பிரிக்கற வரைக்கும் 37 டிகிரி சூட்டுலயே இருக்கணும். வழியில ஆறிட்டா அந்தப் புரதம் உறைஞ்ச ரத்தத்தோட போயிடும், இல்லைன்னு ரிப்போர்ட் வரும். ஆறிப்போன டியூபை எங்க லேப்ல எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கேன்! வீட்டுக்கு ஆள் வரவழைக்காதீங்க, நேர்ல போய்க் குடுங்க.

அண்ணன்: அம்மாவுக்கு சுகர் வந்ததும் இதனாலயா?

சித்தி: இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த வைரஸ் இருக்கறவங்களுக்கு சுகர் வர வாய்ப்பு கூடுதல். எனக்கு இப்ப கவலை கிட்னிதான். அக்கா, யூரின்ல நுரை வருதா?

அம்மா: வருது. பயமா இருக்குடி.

சித்தி: யூரின்ல புரதம், ரத்தம் போகுதா, அப்புறம் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, எல்லாம் உடனே பாக்கணும். இதைத் தள்ளிப்போடாத. வைரஸ் போயிட்டா நிறைய பேருக்கு இதெல்லாம் அடங்குது, நரம்பு எரிச்சல்தான் மெதுவாக் குறையும். வைரஸுக்கு வைத்தியம்னா ஊசி கிடையாது, மாத்திரைதான். பெரும்பாலும் 8 இல்லன்னா 12 வாரம், 100ல 95 பேருக்கு மேல வைரஸ் போயிடுது.

நான்: நாளைக்குக் காலையில நான் கூட்டிட்டுப் போறேன்மா.

அம்மா: ஃபைலை எடுத்து வெச்சுட்டேன். ஹெபடைடிஸ் ரிப்போர்ட்டை மேலயே வெச்சிருக்கேன்.